பின்னால் வருகிறவருக்கு ஒரு டம்ளர்

மலையுச்சிக் கொட்டகையில் இருந்த தண்ணீர் டிரம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. மூடியைக் கையில் பிடித்தபடி அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று மாலை அவளும் கணவனும் இறங்கிப் போனபோது அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர்தான் கிடந்தது. மழையும் இல்லை. காலையிலிருந்து கடல்மூட்டம் ஊரை மூடிக் கிடக்கிறது. இதில் மலையேறக் கிளம்பியது அவர்கள் இருவர்தான்.

"யாரோ புண்ணியவான்," என்று சொல்லிக்கொண்டு தன் பாட்டிலைச் சுவர்மேல் வைத்தாள்.

ஊரில் அது ஒரு வழக்கம். மலையைக் கடக்கிறவர்கள் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து டிரம்மில் ஊற்றுவார்கள். குடித்தவர் டம்ளரைக் காலியாக வைத்துவிட்டுப் போகக் கூடாது. பின்னால் வருகிறவருக்கு நிரப்பி வைக்க வேண்டும். அவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கணவன் பிழைத்து வந்ததே இப்படிக் கொடுத்த டம்ளர்களின் பலன் என்று அவள் நம்பினாள். கடவுளுக்கும் அதையே சொல்லி நன்றி கூறுவாள்.

ஆனால் அவளுக்குக் களைப்பு போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்த முதுகு இன்னும் அந்தச் சிமெண்டுத் தரையை மறக்கவில்லை. மெல்ல நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், அவனை. அவனோடு அவளும் நடந்தாள், அவன் மூச்சை எண்ணிக்கொண்டே.

இன்று ஏறி வரும்போதே கீழே வளைவில் அவன் உட்கார்ந்துவிட்டான். "இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவன இப்படி ஊர வச்சிட்டாரே உங்க டாக்டரு. நீ முன்னாடி போய் ஒரு டம்ளர் ஊத்தி வை. நான் எல்லா ஸ்டாப்பிங்லயும் நின்னு வர்றேன்."

"மாத்திரை சட்டப்பைல இருக்குங்க. வேகமா ஏறிடாதீங்க."

"ஏறிட்டாலும்!"

அந்தச் சிரிப்பை நினைத்தபடியே டிரம்மிலிருந்து மொண்டு ஒரு வாய் குடித்தாள். உடனே துப்பினாள்.

உப்பு. கடலை அப்படியே மொண்டு வந்தது போன்ற உப்பு.

யாரோ வம்புக்காரப் பயல்களின் வேலை என்று நினைத்தாள். கோபப்படவும் தெம்பில்லை. டம்ளரைக் கழுவி, தன் பாட்டிலில் இருந்து நல்ல தண்ணீரை அவனுக்காக ஊற்றிச் சுவர்மேல் வைத்தாள். செருப்பில் குத்திய முள்ளைக் குனிந்து பிடுங்கினாள். நிமிர்ந்தபோது டம்ளர் காலி.

காற்றில் சாயவில்லை. சுவரில் ஈரமில்லை. விளிம்பில் மட்டும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி ஊற்றினாள். இப்போது மூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது. அதோடு ஒரு வாடை: வெயில் படாத வலையும் பாசியும் சேர்ந்து நாறும் வாடை. உட்காரும் கல்பலகை நெடுக ஈரத் திட்டுகள், ஆள் உட்கார்ந்து எழுந்த அளவில், ஒன்றையடுத்து ஒன்றாக. பின்னால் கால் தேய்க்கும் ஓசை. கனத்த மூச்சு.

அப்பாடா, வந்துவிட்டான். திரும்பிப் பாராமலே டம்ளரைப் பின்னால் நீட்டினாள். "மெதுவா குடிங்க."

ஒரு கை வாங்கிக்கொண்டது. விரல் பட்ட இடம் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம், எத்தனையோ காலத் தாகம்போல.

கீழே, தூரத்து வளைவிலிருந்து அவன் குரல் கேட்டது. "ஏய், இருக்கியா? இதோ கிளம்பிட்டேன்!"

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. காலி டம்ளர் அவள் உள்ளங்கைக்குள் மெல்ல வைக்கப்பட்டது.

ஊற்றினாள். இன்னொரு கை வாங்கியது. மறுபடியும் ஊற்றினாள். வேறு கை. சின்னக் கை. ஒன்று அவளுக்குப் புரிந்தது: இவர்கள் தாகத்தில் நிற்பவர்கள். கடலுக்குப் போய்க் கரை திரும்பாமல் உப்பிலேயே கிடந்தவர்கள். கேட்டது நல்ல தண்ணீர் மட்டும். கொடுத்துவிட்டால் போய்விடுவார்கள். அவன் வருவதற்குள் போய்விட வேண்டும். கடவுளே, அவன் வருவதற்குள்.

பாட்டில் தீர்ந்தது. கடைசித் துளியும் போனது. ஓசை அடங்கியது.

டம்ளர் மட்டும் திரும்பி வரவில்லை.

டிரம் மூடி நகர்ந்தது. தண்ணீர் மொள்ளும் சத்தம். குடித்தவர் பின்னால் வருகிறவருக்கு நிரப்பி வைக்க வேண்டும். வழக்கம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அவன் வந்தான், நெஞ்சைத் தேய்த்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக. அவன் முன்னால் நிரம்பி வழிந்த டம்ளர் அந்தரத்தில் நீண்டிருந்தது. மூட்டத்தில் கை மட்டும் தெரிந்தது.

"வாங்காதீங்க!" கத்தினாள். "அது உப்பு! வாங்காதீங்க!"

"சும்மா இருடி. ஒருத்தர் ஊத்தி நீட்றாரு, வேணாங்கறது மரியாதையா?" அந்தக் கையைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க," என்றான்.

குடித்தான்.

அவள் ஓடிப்போய் டம்ளரைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அவன் பின்னந்தலையைத் தாங்கி, ஊதிவெளுத்த இன்னொரு கை இருந்தது. காய்ச்சல் குழந்தைக்குப் புகட்டுவது போல அத்தனை பதமாக. அவன் கண்கள் அவளைப் பார்த்தன. மூக்கிலிருந்து நீர் வழிந்தது. டம்ளர் குறையவே இல்லை.

அவன் விழுங்கிக்கொண்டே இருந்தான்.