கல்லுவாய் முனிக்கு முதல் மடக்கு

கன்னிகா அந்தப் பாட்டிலில் தண்ணீரைத்தான் நிரப்பியிருந்தாள். விடியற்காலையில், வீட்டில் யாரும் எழுவதற்கு முன், சாராயத்தைச் சாக்கடையில் கொட்டி, மூன்று முறை அலசி, போர்த் தண்ணீரை ஊற்றி மூடியை இறுக்கினாள். இப்போது வரதய்யபாளையத்துக்கு மேலே பாதி மலை ஏறிய பிறகு, அவள் பையிலிருந்து சாராய நெடி அடித்தது.

மற்றவர்கள் மேல் வீசும் வாடையாக இருக்கும் என்று நினைத்தாள். முன்னால் போனவர்கள் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு, சுருட்டை ஊதிக்கொண்டு, ஏற்றம் தெரியாமலிருக்க இடையிடையே ஒரு மடக்கு போட்டுக்கொண்டுதான் ஏறினார்கள். கல்லுவாய் முனிக்கு அதுதான் வழக்கம். உச்சியில் கல்லுக்கு முதல் மடக்கு. மிச்சம், நேர்ந்துகொண்டவனுக்கு.

நேர்ந்துகொண்டவன் அவள் புருஷன் மாசிலாமணி. குடியை விட்டுப் பதினான்கு மாதம். இனி ஒரு வாய் போனாலும் ஈரல் தாங்காது என்று திருப்பதி டாக்டர் சொல்லியிருந்தார். மாசிலாமணியின் அண்ணன் குணாவிடம் அவள் அழுது பார்த்தாள்.

"டாக்டரா உன் புருஷனுக்கு உசுரு குட்த்தாரு? முனி குட்த்தது. ஒரு வாய் பிரசாதம்மா. இதுக்குப் போயி அழுதுக்கினு கீற."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் பேச்சை அவன் என்றைக்குத் தட்டினான்?

ஒரு பாறை மறைவில் நின்று மூடியைத் திறந்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். எரிந்தது.

மூடியை மறுபடி இறுக்கினாள். ஒன்றை முடிவு செய்துகொண்டாள். மிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே.

உச்சிக்குப் போகும்போது வெயில் இறங்கிவிட்டிருந்தது. மொட்டைப் பாறையில் முஷ்டி அளவுக்கு ஒரு குழி. எத்தனையோ வருடம் ஊற்றிய சாராயத்தில் அதன் விளிம்பு உதடுபோல வழுவழுத்திருந்தது. உள்ளிருந்து புளித்த காற்று சில்லென்று வந்தது. வழியெல்லாம் அடித்து வந்த பம்பை மேளம் நின்றது.

"மொதல் மடக்கு மட்டும் ஊத்தும்மா" என்றார் குணா.

அவள் பாட்டிலை முழுதாகக் கவிழ்த்தாள்.

இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. பாட்டிலின் கனம் குறையவில்லை. நிமிர்த்தப் பார்த்தாள். முடியவில்லை. கையை எடுக்கப் பார்த்தாள். விரல் பிரியவில்லை.

சுற்றி நின்றவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லைப் பார்த்து அல்ல. அவளுக்குப் பின்னால்.

திரும்பினாள்.

மாசிலாமணி தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் யாரும் இல்லை. கையில் எதுவும் இல்லை. வாய் மூடியிருந்தது.

தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. ஒரு விழுங்கல். இன்னொன்று.

"பாத்தியா? முனி அவன் ஒடம்புலயே எறங்கிக் குட்ச்சுக்கினு கீறாரு!" குணாவின் குரல் பூரிப்பில் உடைந்தது.

"மாமா, என் கையப் புடிச்சு இழுங்க. மாமா!" என்று குணாவிடம் கத்தினாள்.

யாரும் அசையவில்லை.

மாசிலாமணியின் வயிறு சட்டைப் பொத்தான்கள் தெறிக்க எழும்பியது. கண் அவளையே பார்த்தது. வேண்டாம் என்று கெஞ்சியது. மூக்கிலிருந்து மெல்லிய கோடாகச் சாராயம் வழிந்தது.

அவள் கை ஊற்றிக்கொண்டே இருந்தது.