கோட்டுப் பங்களாவில் காயாத சுவர்

சுவரின் மற்றக் கட்டங்களெல்லாம் காய்ந்து வெளுத்துவிட்டன. கணப்படுப்புக்குப் பக்கத்தில் இருந்தது மட்டும் ஈரமாகவே நின்றது. அதுவும் மழை ஈரமில்லை. நிஷாந்தி புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பில் நெருப்பு மூட்டி எத்தனையோ வருஷம். வெறும் மண் சுவருக்கு எங்கிருந்து வரும் சூடு?

தேயிலை மலையில், டிக்கோயாப் பக்கத்தில், அந்த வீட்டைக் கோட்டுப் பங்களா என்பார்கள். வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்கும் சாய்வுமாகக் கருங்கட்டைகள் ஓடுவதால் வந்த பெயர். ஊர் ஏக்கம் பிடித்த யாரோ ஒரு வெள்ளைக்காரத் தொரை, இங்கிலாந்தில் தன் குடும்பத்துப் பண்ணை வீட்டைக் கட்டை கட்டையாகப் பிரித்து, எது எங்கே சேரும் என்று ஒவ்வொன்றிலும் குறி வெட்டி, கப்பலேற்றிக் கொண்டுவந்து இந்த மேட்டில் மறுபடி பூட்டினானாம். இரும்பாணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மரமுளைதான். மேல்மாடி கீழ்ச்சுவரைத் தாண்டித் துருத்திக்கொண்டு, வாசலில் நிற்பவர்களைக் குனிந்து பார்க்கும். கட்டைகளுக்கு இடையிலுள்ள கட்டங்களில் கல்லுமில்லை, செங்கல்லுமில்லை. குச்சியைப் பின்னி மண்ணை அப்பியதுதான். "அட, நம்ம லயத்துக் கோழிக்கூண்டு சொவருதானா இது!" என்று முதல்நாள் நிஷாந்தி வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த வேலை கைவந்தவன் என்றுதான், பங்களாவை ஓட்டலாக்கப் போகும் முதலாளி அவள் அண்ணன் அழகனைக் கூப்பிட்டிருந்தார். அவள் மண்ணில் வைக்கோலைப் போட்டு மிதிப்பாள், அவன் பூசுவான். சுவரெல்லாம் நின்றுவிட்டால் பங்களாவுக்குக் கீழே ஒரு துண்டுக் காணி அவனுக்கு. சொந்தக் காணி! பிறந்தது முதல் தோட்டத் தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் முட்டி மோதிக் கிடந்தவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? "ஒனக்கும் சேத்துத்தான் தங்கச்சி" என்று அவன் சொன்னபோது அவள் அழுதேவிட்டாள். அம்மாவும் அப்பாவும் போனபிறகு ஊட்டி வளர்த்தவன் அவன்.

இந்த ஒரு கட்டம்தான் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. பூசப் பூச விழுந்தது. போன வெள்ளிக்கிழமை அழகன் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக இருந்து பூசினான். அதற்குப் பிறகு விழவில்லை.

அதே வெள்ளிக்கிழமைக் காலையில்தான் அவளுடைய இருமலுக்காக அம்மனுக்கு நேர்ந்துகொள்ள நூல் அளந்தான். மஞ்சள் நூலை உச்சந்தலையில் பிடித்துப் பெருவிரல் வரைக்கும் இழுத்து, அவள் தலைமுடி ஒன்றையும் சேர்த்து முறுக்கி முடிச்சிட்டான். ஆள் உயர நூலைத் திரியாக்கி மாரியம்மனுக்கு விளக்கேற்றினால் நோய் போய்விடும் என்பது அவர்கள் வழக்கம். கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள், பாவி மகள். இருமல் நின்றது. பதிலுக்குக் கால் கனக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்.

இன்று சுண்ணாம்பு வாங்க அழகன் ஹட்டனுக்குப் போயிருந்தான். மத்தியானம் கழிந்ததும் மூடுபனி தேயிலையை விழுங்கிக்கொண்டு மேலேறி, உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே நுழைந்து, உத்தரங்களைத் தடவியபடி கூரைக்குப் போனது; போகும் வழியெல்லாம் மரமுளைகள் ஒவ்வொன்றாக முனகின; ஈரமண், புளித்த வைக்கோல், பழைய புகை என்று வந்த வாசனைகளுக்கு நடுவே தலைக்குத் தடவும் தேங்காயெண்ணெய் வாசனையும் வந்தது. அவள் தன் பின்னலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அதே எண்ணெய்தான். ஆனால் வாசனை சுவரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கிட்டப் போனாள். கட்டத்தின் அடிப்பகுதி இப்போது காய்ந்து வெளுத்திருந்தது. முழங்கால் உயரத்துக்கு மேலேதான் ஈரம். அந்த ஈரத்தில் விரலை மெல்ல அழுத்தினாள்.

அவள் வயிற்றில் ஏதோ அழுத்தியது.

சட்டென்று கையை எடுத்தாள். வயிற்றில் அழுத்தமும் போனது. பிரமையாக இருக்கும். கொஞ்சம் மேலே, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள். விலா எலும்பில் விழுந்தது.

ஐயோ அம்மா.

ஓட நினைத்தாள். முழங்கால் மடங்கவில்லை. கிள்ளினாள். வலிக்கவில்லை. கட்டையோரத்து மண்ணை நகத்தால் பிறாண்டினாள். தன் தோள் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிறாண்டினாள். பின்னிய குச்சிகள் தெரிந்தன. குச்சிகளுக்கு நடுவே, மேலிருந்து கீழ்வரை விறைப்பாக இழுத்துக் கட்டிய மஞ்சள் நூல். அதில் சுற்றியிருந்த முடி.

வாசலில் காலடி கேட்டது. அழகன் சுண்ணாம்பு மூட்டையோடு நின்றான்.

"அண்ணே... இது அம்மனுக்கு அளந்த நூலு."

"இழுத்துறாத தங்கச்சி. அறுந்துச்சின்னா இப்பவே போயிருவ."

"வெளக்குப் போட்டாச்சின்னு சொன்னியே."

அவன் மூட்டையை இறக்கினான். "பழைய மண்ண ஒடைச்சப்ப எல்லாக் கட்டத்துலயும் ஒரு நூலு இருந்துச்சி. இதுல மட்டும் இத்துப் போயிருந்துச்சி. சொவத்துக்குள்ள இருக்கிறவங்க கேட்டாங்க. பூசுறவன் வீட்டு ஆளு ஒருத்தர குடுன்னு."

"அதுக்கு நானா கெடச்சேன்?"

"வேற யார அளக்கச் சொல்ற? வினோஜனயா? எம் புள்ளைக்கு நாலு வயசு."

"நாலு வயசுலேருந்து என்னயத் தூக்கி வளத்தவன் நீதானே. ஒன்னய அளந்திருக்கலாமே அண்ணே!"

அழகன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த யோசனை அவனுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பயத்தைவிட அதுதான் அவள் நெஞ்சைப் பிளந்தது. இவனுக்காகவா இத்தனை நாள் சேறு மிதித்தேன் என்று நினைத்தாள். மிதித்த கால்கள் அசையவில்லை.

அவன் சுண்ணாம்பைக் குழைத்தான். அவன் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக ஓடியது. ஆனாலும் கை பழகிய வேலையைச் செய்தது. அவள் பிறாண்டிய இடத்தை முதலில் மண் வைத்து மூடினான். தோள் எரிச்சல் அடங்கியது. பிறகு சாந்துக் கரண்டியில் வெள்ளையை அள்ளி, கட்டத்தின் அடியிலிருந்து மேலே இழுத்தான்.

குளிர்ச்சி. இடுப்பில். வயிற்றில். நெஞ்சுக்கு மேல்.

"வேணாம்ணே."

மூச்சு பாதியில் நின்றது. கை மரத்தது. சுற்றிலும் மற்றக் கட்டங்களின் வெள்ளைப் பூச்சு மெல்ல உப்பியது, வற்றியது. உப்பியது. வற்றியது. எல்லாம் ஒரே சீராக.

கரண்டி கழுத்தைத் தாண்டியது. கன்னத்தைத் தடவியது, சின்ன வயதில் அவன் முகம் கழுவிவிட்ட அதே பதத்தில். கண்ணுக்குள் வெள்ளை இறங்கியது. அண்ணே என்று கத்த நிஷாந்தி வாயைத் திறந்தாள்.

சுவரில் வட்டமாக ஒரு குழி விழுந்தது.

அழகன் கரண்டி நிறையச் சாந்தை அள்ளி, அந்தக் குழியில் வைத்து அழுத்தினான்.