பிற்பகல் மூன்று மணிக்குப் பார்வைக்கு

முதலில் வந்தவர் டிக்கெட் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கைகூப்பினார், கோசலையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தலையை அசைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பின்னால் வந்த மூன்று பேரும் அப்படியே. எல்லோருக்கும் வெள்ளையும் கறுப்புமாக உடுப்பு.

கோசலைக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாரிஸின் லா சப்பலில், இந்தச் சின்னத் தியேட்டரில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருசம் குந்தியிருக்கிறாள்; ஓசியில் நுழைய எங்கள் சனம் போடாத வேசமில்லை. இன்று கடைசிக் காட்சி, நாளைக்குக் கதவுக்குப் பூட்டு. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஐந்தாவதாக வந்த பெண் ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளைப் பூவை வைத்துவிட்டுப் போனபோதுதான் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மகள் கஜந்தினி வாசலில் நின்றாள். பாரிஸிலேயே பிறந்து வளர்ந்தவள், வயது இருபத்துமூன்று. கடைசிக் காட்சிக்கான நோட்டீசைத் தானே கணினியில் செய்து, காலையில் பக்கத்து ரூ பெர்தொனே தெரு முழுக்க ஒட்டிவிட்டு வந்திருந்தாள்.

"பிள்ளை, அந்த நோட்டீசை ஒருக்காக் காட்டு பாப்பம்."

கஜந்தினி போனை நீட்டினாள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் முட்டை வடிவத்துக்குள் கோசலையின் முகம். கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு ஆண்டுகள். 'ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் பார்வைக்கு வைக்கப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.'

"ஐயோ, இது செத்தவீட்டு நோட்டீசடி!"

கஜந்தினி விழித்தாள். நகைக்கடைச் சுவரில் கண்ட ஒன்றைப் படம்பிடித்து, திகதிக்கும் பெயருக்கும் தியேட்டருடையதைப் போட்டு, தியேட்டர் திறந்த ஆண்டையும் மூடும் ஆண்டையும் மாற்றி எழுதினாளாம். தியேட்டர் வாசலை எடுத்த ஒரே படத்தில் அம்மாவும் நின்றாள். அந்த வளையத்துக்குள் அம்மாவின் முகம் மட்டும்தான் அடங்கியது. "தமிழ் நோட்டீஸ், அஃபிஷ் எல்லாம் இப்பிடித்தானே, மாமோன்? பார்வை எண்டால் படம் பாக்கிறதுதானே?"

பெற்ற பிள்ளைக்கு ஒழுங்காகத் தமிழ் வாசிக்கப் பழக்கவில்லையே என்று கோசலைக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஓடிப்போய் எல்லாத்தையும் கிழிச்சுப்போட்டு வா. நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன் எண்டு உள்ளுக்கை போய்ச் சொல்லுறன்."

உள்ளே விளக்குகள் பாதி தணிந்திருந்தன. பழைய கம்பளத்தின் ஈர மணத்துக்கும் சோளப்பொரியின் வெண்ணெய் மணத்துக்கும் மேலே எங்கிருந்தோ சாம்பிராணிப் புகை மெல்லப் படர்ந்து, திரைச்சீலையின் மடிப்புகளுக்குள் புகுந்து நின்றது. அவள் ஜன்னலால் கண்டது ஐந்து பேரைத்தான்; எண்பது இருக்கைகளும் நிறைந்திருந்தன. எந்த இருக்கை எப்படிக் கிரீச்சிடும் என்று அவளுக்கு மனப்பாடம். இன்று ஒன்றுகூட முனகவில்லை. ஒருவரும் இருமவும் இல்லை.

படம் ஓட்டும் அம்புறோஸ் மாலையோடு திரைக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் ஒரு கதிரை.

"வாங்கோ பிள்ளை, இதிலை இருங்கோ. உங்களுக்கு இண்டைக்கு மரியாதை செய்யவேணும்."

"அம்புறோஸ் அண்ணை, ஒரு பிழை நடந்துபோச்சு. இவையளுக்குச் சொல்லவேணும்."

"ஓம், சொல்லலாம். முதல் இருங்கோ."

இருந்தாள். மாலை கழுத்தில் விழுந்தது. நனைந்த பூ, குளிர்ந்த தண்ணீர் முதுகில் இறங்கியது. அம்புறோஸ் மேலே போனார். மெஷின் உறுமத் தொடங்கியது. திரையில் படம் இல்லை, வெறும் வெள்ளை வெளிச்சம்.

சனம் எழுந்தது. சத்தமில்லாமல், எல்லோரும் ஒன்றாக. வரிசை கட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தது.

"அது பிழையான நோட்டீஸ்," என்றாள் கோசலை. "நான் சாகேல்லை."

முன்னால் வந்தவர் நிமிரவில்லை. குனிந்து அவள் பாதத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்தவருக்கும் சொன்னாள். அவரும் நகர்ந்தார். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நான்காவது ஆளுக்கு அதுவும் இல்லை.

மடியில் கிடந்த கையைத் தூக்கப் பார்த்தாள். கிடந்தபடி கிடந்தது. பாதம் குளிர்ந்தது. சப்பாத்து எங்கே? கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்த்தாள். கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது.

யார் கட்டினது? எப்போது?

கதவு திறந்தது. தெரு வெளிச்சம். கஜந்தினி! கையில் கிழித்த தாள்கள். கோசலைக்கு உயிர் வந்தது. இவள் பார்த்தால் போதும். இவளுக்குத் தெரியாதா?

"மாமோன், எல்லாத்தையும் கிழிச்சு..."

பாதி வழியில் நின்றாள். தாள்கள் கீழே விழுந்தன. வரிசையில் நின்ற ஒரு பெண் அவளுடைய தோளை அணைத்து முன்னால் கூட்டிவந்தாள். கஜந்தினி முழந்தாளில் விழுந்தாள். மகளின் மூச்சு கோசலையின் கன்னத்தில் சுட்டது.

பார் பிள்ளை. நான் இருக்கிறன். என்ரை கண்ணைப் பார்.

கஜந்தினி பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு விரல்களால் அம்மாவின் இமைகள் இரண்டையும் மெல்லக் கீழே இழுத்து மூடினாள்.