முள் இல்லாத தூண்டில்

தனுஷா மூன்று நாளாக அப்பாவோடு பேசவில்லை.

சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட, அண்ணன் மிதுசனைத்தான் தூது அனுப்பினாள். உப்பு அப்பாவின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது என்று அப்பா கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

மொன்ட்ரியால் நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில், அவர்களுடைய வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் பற்றிக் என்ற மாமா ஒருவர் குடியிருந்தார். மன்னார்க்காரர். சின்ன அலுமினியப் படகு ஒன்று வைத்திருந்தார். கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை தனுஷாவை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மீன்பிடிக்கப் பழக்குவதாகச் சொல்லி, ஒரு தூண்டில் தடியும் கொடுத்திருந்தார். ஏரி ட்ரவுட் மீனும், கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வாழும் சால்மன் மீனும் அங்கே உண்டாம். அப்பா உடனே நாள் குறித்துவிட்டார். நாட்காட்டியை மட்டும் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நல்லூர்த் திருவிழாவின் நடுவில் வந்து விழுந்தது.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயிலில் கொடி ஏறினால், மொன்ட்ரியாலில் தனுஷாவின் அம்மா தாட்சாயினியின் அடுப்படியும் மாறிவிடும். இருபத்தைந்து நாளும் மரக்கறிதான். மீன்சட்டி பல்கனிக்குப் போய்விடும். டின் மீன்கள் எல்லாம் ஒரு பைக்குள் போய், பை கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

"கொடி ஏறினாப் பிறகு இந்த வீட்டிலை ஆரும் மீன் பிடிக்கவும் கூடாது, கொல்லவும் கூடாது, தொடவும் கூடாது" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

நாளை மாற்றவும் வழியில்லை. பற்றிக் மாமாவுக்குக் கல்கரியில் வேலை கிடைத்திருந்தது. படகை விற்றுவிட்டார். வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

"அடுத்த வருசம் பாப்பம், பிள்ளை" என்றார் அப்பா.

படகும் இல்லை, மாமாவும் இல்லை, பிறகு எதைப் பார்ப்பது? அப்போதுதான் தனுஷா பேச்சை நிறுத்தினாள்.

வியாழக்கிழமை மாலை அவள் தூண்டில் தடியைக் கட்டிலில் வீசி எறிந்தாள். இரைக்குப் பதிலாக நூலின் நுனியில் தொங்கிய வெள்ளித் தகடும் கூடவே பறந்தது. தகட்டின் வாலில் இருந்த மூன்று கூர் முள், அம்மாவின் புதுப் போர்வையில் போய்க் குத்திக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. போர்வைமேலும் கோபம் வந்தது. அப்பாவின் கருவிப் பெட்டியில் இருந்து ஒரு குறடு எடுத்து வந்து, முள்ளைத் தகட்டில் இருந்து கழற்றினாள். பிறகு அதைப் போர்வையில் இருந்து மெல்ல மெல்ல எடுத்தாள்.

இப்போது ஒரு கையில் முள். மறு கையில் தகடு. தகடு சின்ன மீன்போல மினுங்கியது.

மீன் எதைப் பார்த்து ஏமாறுகிறது? முள்ளைப் பார்த்தா?

தனுஷா அடுப்படிக்கு ஓடினாள். தகட்டை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அம்மா, நான் மீன் பிடிக்க மாட்டன். கொல்ல மாட்டன். தொடவும் மாட்டன். இதைத் தண்ணிக்குள்ளை விடுவன். மீன் வந்து கடிச்சால் எனக்குக் கையிலை தெரியும். பேந்து அது துப்பிப்போட்டுப் போகும்."

மிதுசன் விழுந்து விழுந்து சிரித்தான். "முள்ளில்லாத தூண்டிலோ? அப்ப பந்து இல்லாமல் கிரிக்கெட்டும் விளையாடுவம்."

அம்மா சிரிக்கவில்லை. தகட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எங்காவது ஒரு முள் ஒளிந்திருக்கிறதா என்று தடவியும் பார்த்தார். தான் சொன்ன மூன்று 'கூடாது'களில் ஒன்றுகூட உடையவில்லை.

"சரி," என்றார் கடைசியில். "ஆனால் நானும் வாறன்."

அவரால் நம்ப முடியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். தனுஷாவின் கோபத்தில் பாதி அப்பாவை விட்டு அம்மாவிடம் போனது.

சனிக்கிழமை அப்பாவுக்கு வேலை. படகில் முன்னால் அம்மா, கையில் புளிச்சாதப் பொதியுடன். நடுவில் தனுஷாவும் மிதுசனும். பின்னால் மோட்டாரைப் பிடித்தபடி பற்றிக் மாமா. விரதக்காரர் ஏறிய படகில் முள் எதற்கு என்று, அவர் தன்னுடைய தடியைக் கொண்டுவரவில்லை.

ஈயம் கோத்த கனமான நூல் அது. முப்பது அடிக்கு ஒரு தடவை நிறம் மாறும்; எத்தனை நிறம் விடுகிறோமோ அவ்வளவு ஆழத்துக்குத் தகடு போகும். மெதுவாகப் படகு போக, இரண்டு நிறம் விடச் சொன்னார் மாமா. தனுஷா விட்டாள். ஒரு மணித்தியாலம் போனது. ஒன்றும் கடிக்கவில்லை.

சால்மன் என்றால் டின்னுக்குள் இருக்கிற அதே மீனா என்று அம்மா விசாரித்தார். கிட்டத்தட்ட அதுதான் என்றார் மாமா. இரண்டாவது மணித்தியாலமும் போனது.

"மீனுக்கும் விரதம்போலை" என்றான் மிதுசன்.

அம்மா சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். தனுஷாவுக்குக் காது சுட்டது. தடியை ஏரிக்குள்ளேயே வீசிவிடலாம் போல இருந்தது.

மத்தியானம் கரையில் சாப்பிட்டார்கள். தனுஷா யாரோடும் பேசாமல் தண்ணீரில் இறங்கினாள். கழுத்தளவு ஆழத்தில் நின்றாள். தோளில் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. கால்விரல்களோ குளிர்ந்து விறைத்தன. அவள் தண்ணீரினூடே தன் கால்களைப் பார்த்தாள்.

"மாமா, நீங்கள் எந்த மாதத்திலை இங்கை மீன் பிடிச்சனீங்கள்?"

மே மாதத்தில், பனி உருகிய கையோடு என்றார் அவர்.

"அப்ப மேலையும் குளிர். இப்ப மேலை சூடு. குளிர்த்தண்ணி மீன் எங்கை போயிருக்கும்?"

தான் மன்னார்க் கடலில் வளர்ந்தவன் என்றும், மீனைப் பற்றித் தனக்குத் தெரியாதா என்றும் மாமா தொடங்கினார். பிறகு பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

இம்முறை தனுஷா ஏழு நிறம் விட்டாள். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. தடி வளைந்தது.

டொக். டொக். ஆழத்தில் கனமான ஏதோ ஒன்று தகட்டைக் கவ்வி, ஒரு தடவை தலையை உலுப்பி, விட்டுவிட்டுப் போனது. தனுஷாவின் முழங்கை வரை அது அதிர்ந்தது. ட்ரவுட்தான், அது கீழேயே நிற்கும் என்றார் மாமா, ஏதோ முன்பே சொன்னவர் போல.

தனுஷா நூலைச் சுற்றத் தொடங்கினாள். ஆறு நிறம், ஐந்து, நான்கு. தகடு மேலே வர வர, அதற்குப் பின்னால் ஒரு நிழலும் வந்தது. நீளமாக, வெள்ளியாக. படகுக்குப் பக்கத்தில் அது தகட்டைக் கவ்வியது. கவ்வியபடியே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு சால்மன் வானத்தில் எழுந்தது.

"விட்டிடாதை, இழு பிள்ளை, இழு!"

கத்தியது அம்மா.

மீன் தகட்டைத் துப்பியது. வாலால் அம்மாவின் முகத்தில் ஒரு வாளித் தண்ணீரை அடித்துவிட்டு, உள்ளே போய் மறைந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். முகத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் தொடேல்லை, அம்மா" என்றாள் தனுஷா.

"தெரியும்." அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அந்தத் தடியை ஒருக்கா இஞ்சை தா. எப்பிடியெண்டு பாப்பம்."

தனுஷா கொடுத்தாள். அம்மா புளிச்சாதப் பொதியைக் காலால் ஒதுக்கிவிட்டு, நிறங்களை ஒவ்வொன்றாக எண்ணி நூலை விட்டார். ஒருமணி ஆனது. இரண்டுமணி ஆனது. மூன்றுமணியும் ஆனது.

தனுஷாவுக்கு மறுபடியும் கோபம் வந்தது. "அம்மா, ஒருக்காத்தான் எண்டு சொன்னனீங்கள். அது என்ரை தடி."

"உஷ்," என்றார் அம்மா, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கத்தாதை. மீன் ஓடிப்போகும்."