ஏழாம் வட்டத்தின் கிணறு

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஜெபராணி மறுபடியும் தோற்றாள். பொழுது சாய்வதற்குள் பணக்கார வட்டமான கடம்பவனத்தின் குப்பை ஏழாம் வட்டத்துக்கு வந்து இறங்கியது.

தூக்குப்பறவை என்று புதுத்துறை மாநகராட்சி அழகாகப் பெயர் வைத்திருந்த பறக்கும் விசிறி இயந்திரங்கள் அணி அணியாக வந்தன. ஒவ்வொன்றும் ஒரு வரிசைக் குப்பைக்கட்டுகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்து, நடுநிலைப் பள்ளியின் மைதானத்தில் ஏற்கெனவே நின்ற அடுக்கின் தலையில் வைத்துவிட்டுத் திரும்பின. அடுக்கு இப்போது பள்ளியின் மாடி ஜன்னலைத் தொட்டது. மைதானம் என்ற பேர்தான் மிச்சம்.

"இன்னா டீச்சர், இந்த வாரமும் ஊத்திக்கிச்சா?" என்றாள் தனக்கோடி. பள்ளிக்கு எதிரே மீன் விற்கிறவள். "என் மீனு நாறுதுன்னு ஒரு காலத்துல மனு போட்டானுங்க. இப்ப இந்த நாத்தத்துல என் மீனு சென்ட்டு மாரி கீது."

ஜெபராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர். வேறு யாரும் முன்வராததால் வட்டத்தின் ஆட்டக்காரியும் அவளே. "அடுத்த ஞாயிறும் தோத்தா பள்ளிக்கூடத்தையே எடுத்துக்குவாங்கக்கா" என்றாள்.

அது விதி. அடுக்கு உச்சிக்கோட்டைத் தொட்டுவிட்டால் பக்கத்துக் கட்டடம் 'கூடுதல் அடுக்கிடம்' ஆகிவிடும். ஏழாம் வட்டத்தில் பக்கத்துக் கட்டடம் என்பது பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லும் வகுப்பறைகள். உச்சிக்கோட்டுக்கு இன்னும் ஒரு முழ இடம் இருந்தது.

இந்தக் கூத்து எப்படித் தொடங்கியது என்று சொல்லவேண்டும். யார் குப்பையை யார் சுமப்பது என்று புதுத்துறையில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு அடிதடி நடந்தது. லாரிகளை மறித்தார்கள், மண்டைகள் உடைந்தன. அப்போதுதான் பொதியழுத்தி என்ற இயந்திரம் வந்தது. எந்தக் குப்பையையும் நசுக்கி, இறுக்கி, நான்கு கட்டம் கொண்ட கெட்டியான கட்டாகத் துப்பிவிடும். ஆனால் என்ன வடிவத்தில் துப்பும் என்று அதற்கே தெரியாது. ஒன்று நெட்டையாக வரும், ஒன்று சதுரமாக, ஒன்று முழங்கை மடங்கியதுபோல். இவற்றை இடைவெளி இல்லாமல் அடுக்கினால்தான் பறவைகள் தூக்க முடியும். அதிகாரிகளில் யாரோ ஒரு மகாபுத்திசாலிக்கு இதையே போட்டியாக்கிவிடலாம் என்று தோன்றியது.

வட்டத்துக்கு ஒரு கைக்கருவி கொடுத்தார்கள். அதன் பெயர் அடுக்கி. உள்ளங்கையில் அடங்கும். அதன் திரையில் ஒரு கிணறு தெரியும். மேலிருந்து கட்டுகள் விழும். திருப்பி, நகர்த்தி, ஓட்டை விழாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது உங்கள் கிணற்றை விட்டு எதிராளியின் கிணற்றுக்குப் போய்விடும். ஆட்டம் முடிந்ததும், திரையில் நடந்ததையெல்லாம் தூக்குப்பறவைகள் நிஜத்தில் நடத்தி முடிக்கும். நன்றாக அடுக்குகிறவன் குப்பை இல்லாமல் வாழ்வான், சோம்பேறி சுமப்பான். சிபாரிசு இல்லை, கட்சி இல்லை, கைத்திறமை மட்டுமே. செய்தித்தாள்கள் புல்லரித்துப் போய் எழுதின.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எழுதவில்லை. ஆட்டம் தொடங்கும்போது இரண்டு கிணறுகளும் காலியாக இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. எந்த வட்டத்தில் எவ்வளவு குப்பை நிற்கிறதோ அவ்வளவும் அதன் கிணற்றில் முதலிலேயே நிற்கும். ஏழாம் வட்டம் ஆட்டம் பிறப்பதற்கு முன்பே நகரத்தின் குப்பைமேடு. ஆகவே ஏழாம் வட்டத்துக்காரர்கள் முதல் நாளே முக்கால் கிணற்றோடு விளையாட உட்கார்ந்தார்கள். எதிரே கடம்பவனம் துடைத்துவைத்த கிணற்றோடு, குளிரூட்டிய பயிற்சி அறையோடு, சம்பளத்துக்கு அமர்த்திய ஆட்டக்காரனோடு உட்கார்ந்தது. இதற்குப் பெயர் சமவாய்ப்பு. வெட்கமாக இல்லையா என்று கேட்டால், வெட்கப்பட ஒரு துணைக்குழு அமைத்திருப்பார்கள்.

ஜெபராணி கேட்காமலும் இல்லை. தலைமை ஆட்ட அலுவலர் கோதண்டபாணியின் அறைக்கு எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறாள்.

"பாருங்க மேடம்," என்பார் அவர், தேநீரை ஆற்றியபடி. "கிணறு உள்ளதைத்தான் காட்டும். கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"கருவி பொய் சொல்லல சார். அதை இப்படி வெச்சவங்களைத்தான் கேக்குறேன். குப்பையைப் பிரிச்சு மக்க வைக்க ஒரு ஆலை கட்டுனா இந்த ஆட்டமே வேணாமே?"

"சாத்தியமே இல்ல மேடம். நிதி கிடையாது, தொழில்நுட்பம் கிடையாது, இடமும் கிடையாது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரியும். அதுதான் அவரிடம் எரிச்சலூட்டும் விஷயம்.

தோற்ற மறுநாள், மதிய இடைவேளையில், மாடி வகுப்பறை ஜன்னலோரம் நின்று ஜெபராணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கீழே அல்ல, கிட்டத்தட்ட கண்ணுக்கு நேரே குப்பை அடுக்கு. அதன் மேல் ஒரு சாம்பல் பூனை நடந்து போனது. ஓர் இடத்தில் நின்றது, பிறகு காணாமல் போனது. சற்று நேரத்தில் அதே பூனை தரையில், அடுக்கின் அடியிலிருந்து வெளியே வந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது.

ஜெபராணி சோற்றுக்கையோடு படியிறங்கி ஓடினாள். பூனை வந்த இடத்தில் குனிந்து பார்த்தாள். அடியிலிருந்து உச்சிவரை ஒரு நேர்க்குழாய். மேலே நீலமாக வானம் தெரிந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வரிசையைத் தூக்க வேண்டுமானால் பறவை அதிலிருந்து ஒரு கட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு அங்கே கொக்கியை நுழைக்கும். எந்தக் கட்டம் என்பது அனுப்புகிறவன் இஷ்டம். கடம்பவனத்தின் ஆட்டக்காரன் அபிநவ், வருடக்கணக்காக, பழைய மேட்டை முதன்முதலில் அடுக்கியபோது பறவைகள் வெட்டிய அதே இடத்தை, இடமிருந்து இரண்டாவது கட்டத்தையே, ஒவ்வொரு தடவையும் வெட்டியிருந்தான். மாற்றவேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததே இல்லை. தோற்பவர்கள் குப்பையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று ஜெயிப்பவன் எதற்காகத் திரும்பிப் பார்க்கப்போகிறான்?

ஏழாம் வட்டத்துக்காரர்களுக்கும் அது தெரியவில்லை. திரையில் மேலுள்ள சில வரிசைகள்தான் தெரியும், கீழே எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பதற்றத்தில் எல்லோரும் அந்த ஓட்டையைத்தான் முதலில் மூடுவார்கள், ஜெபராணி உட்பட. ஆட்டம் முடிந்தால் அப்படி மூடிய கட்டுகள் நிஜ அடுக்கின் மேலிருந்து சரிந்து விழுந்துவிடும், குழாய் திறந்தபடியே நிற்கும்.

அன்று மாலை தனக்கோடியிடம் சொன்னாள். "நெட்டைக்கட்டு ஒண்ணு வந்து அந்தக் குழாய்க்குள்ள நேரா விழுந்தா, அடியில நாலு வரிசை ஒரே அடியில நிறையும்க்கா. நாலும் அவங்களுக்குப் போயிடும். அடுத்த நெட்டை வந்தா இன்னும் நாலு. நம்மகிட்ட இருக்கிற குப்பை பூரா நிறையறதுக்கு ரெடியா நிக்குது. ஒவ்வொரு வரிசையிலயும் ஒரு கட்டம்தான் பாக்கி."

தனக்கோடி மீன் செதிலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப அவன்கிட்ட அனுப்ப இன்னா கீது?"

"அவன் கிணறு காலி. புதுசா விழற கட்டை ஒண்ணொண்ணா அடுக்கி நிறைச்சாத்தான் அவனால அனுப்ப முடியும்."

"அடி சக்க!" என்றாள் தனக்கோடி. "நெட்டை வரலைன்னா?"

அதுதான் பயம். நெட்டைக்கட்டு வரும்வரை மற்றக் கட்டுகளை, குழாயின் வாயை மூடாமல், எஞ்சியிருக்கும் முழ இடத்துக்குள் வைத்தாக வேண்டும். ஒரு கட்டு தவறி உச்சிக்கோட்டில் இடித்தால் பள்ளிக்கூடம் போய்விடும்.

அடுத்த ஞாயிறு மாநகராட்சி மண்டபத்தில் ஜெபராணி அபிநவுக்கு எதிரே உட்கார்ந்தாள். நல்ல பையன்தான், "வணக்கம் மேம்" என்றான். மணி அடித்தது. முதலில் சதுரம் வந்தது. வலது ஓரத்தில் வைத்தாள். பிறகு முழங்கை, பிறகு இன்னொரு சதுரம். உச்சிக்கோடு சிவப்பாக மின்னத் தொடங்கியது. பார்வையாளர் வரிசையில் கடம்பவனத்து ஆட்கள் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் ஓட்டையை மூடாமல் விடுவதைப் பார்த்த வர்ணனையாளர், "ஏழாம் வட்டத்து டீச்சருக்குப் பதற்றம்" என்று ஒலிபெருக்கியில் இரக்கப்பட்டார்.

இன்னும் ஒரு கட்டுக்குத்தான் இடம் இருந்தது. நெட்டைக்கட்டு வந்தது.

அவள் அதை நிமிர்த்தி, இடமிருந்து இரண்டாவது கட்டத்துக்கு நகர்த்தி, விட்டாள். அது கிணற்றின் அடிவரை போனது. நான்கு வரிசைகள் மறைந்தன. அபிநவின் கிணற்றில் நான்கு வரிசைகள் இறங்கின. அவன் திரையைத் தட்டிப் பார்த்தான், பழுது என்று நினைத்து. அதற்குள் அடுத்த நெட்டை வந்துவிட்டது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவனுக்குக் குப்பைக்குள் விளையாடத் தெரியாது. ஒருநாளும் விளையாடியதில்லை. மேலே விழுந்ததை எல்லாம் ஓட்டைமேலேயே போட்டு மூடிக்கொண்டான். கடைசியில் வியர்த்துப்போய் எழுந்து, "இவ்ளோ குப்பை எங்கேருந்து வந்துச்சு மேம்?" என்று கேட்டான்.

"உங்களோடதுதான் தம்பி" என்றாள் ஜெபராணி.

அன்று மாலை கடம்பவனத்தின் நடைப்பயிற்சிப் பூங்காவில் பறவைகள் இறங்கின. அதற்கடுத்த ஞாயிறும், அதற்கடுத்ததும். ஆவணி பிறப்பதற்குள் பள்ளி மைதானத்தில் மண் தெரிந்தது. கடம்பவனத்தார் மெழுகுவத்தி ஏந்தி ஊர்வலம் போனார்கள். சுவாசிக்கும் உரிமை பற்றிக் கட்டுரைகள் வந்தன. ஏழாம் வட்டத்தில் பிள்ளைகள் இருமி இருமிப் படித்த காலத்தில் இந்தக் கட்டுரையாளர்களுக்கெல்லாம் மூக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாநகராட்சி அறிவித்தது: அடுக்கி ஆட்டம் மனிதத்தன்மையற்றது, உடனடியாக ரத்து. இனி எல்லாக் குப்பையையும் நவீன கரைப்பு ஆலை ஒன்று கரைத்துவிடும். நிதி இருக்கிறதாம், தொழில்நுட்பமும் இருக்கிறதாம். இடம் மட்டும் பரிசீலனையில் இருக்கிறதாம்.

ஏழாம் வட்டம் வெடி வெடித்தது. ஜெயித்தோம் என்று குதித்தது. நல்லது நடந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? உடனே ஒரு பாராட்டு விழா. மைதானத்தைக் கழுவி, சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பந்தல் போட்டார்கள். சிறப்பு விருந்தினர் யார்? ஆட்டத்தை ரத்து செய்த கோதண்டபாணி அவர்கள்தான். இத்தனை வருடம் தலையில் குப்பை கொட்டியவருக்கு நாதஸ்வரத்தோடு வரவேற்பு, ரோஜா மாலை, பொன்னாடை. தனக்கோடியே முன்னால் நின்று ஆரத்தி எடுத்தாள். "இவருக்கு எதுக்குக்கா?" என்று ஜெபராணி முணுமுணுத்ததற்கு, "வந்தவரை மருவாதியா அனுப்பணும் டீச்சர், நாளைக்கி நமக்கு ஒரு காரியம்னா வேணாமா?" என்றாள்.

மேடையில் கோதண்டபாணி மைதானத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தார். "எவ்வளவு விசாலமான இடம்!" என்று வியந்தார். பிறகு பெருந்தன்மையோடு, "டீச்சருக்கு மாநகராட்சி என்ன செய்யணும், கேளுங்க" என்றார்.

ஜெபராணி தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. "மேடும் பள்ளமுமா இருக்கு சார். பிள்ளைங்க விளையாட சமப்படுத்திக் குடுத்தா போதும்."

"இவ்வளவுதானா! இந்த வாரமே" என்றார் அவர். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சொன்னபடியே அந்த வாரமே உருளை வண்டிகள் வந்தன. மாநகராட்சி சொன்ன தேதியில் ஒரு வேலையைச் செய்ததைப் பார்த்து ஏழாம் வட்டம் நெகிழ்ந்துபோனது. வேலையாட்களுக்கு மோர் கொடுத்தார்கள். மைதானம் கேரம் பலகைபோல் ஆனது. பிள்ளைகள் இரண்டே நாள் அதில் ஓடினார்கள். மூன்றாம் நாள் காலை சுற்றிலும் தகரவேலி, வாசலில் பெயர்ப்பலகை: 'ஜெபராணி கரைப்பு ஆலை வளாகம்'. அதன் கீழே சிறிய எழுத்தில், ஆலைப்புகை மாணவர்களின் உடல்நலத்துக்கு உகந்ததல்ல என்பதால் பள்ளி மூடப்படுவதாகவும், பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பப்படுவார்கள் என்றும் அறிவிப்பு.

தனக்கோடி மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு வேலியை உதைத்தாள். "பாவி! உனக்கா நான் ஆரத்தி எடுத்தேன்?" என்று கத்தினாள். வேலிக்கு உள்ளேயிருந்த காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜெபராணி நேராக மாநகராட்சிக்குப் போனாள். கோதண்டபாணி எழுந்து நின்று நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை.

"எங்க இடம்தான் கிடைச்சுதா சார்?"

"நகரத்திலேயே காலியா, சமதளமா இருக்கிற இடம் அது ஒண்ணுதான் மேடம். நீங்க காலி பண்ணிக் குடுத்ததுதானே! அதான் உங்க பேரையே வெச்சோம்."

"கடம்பவனத்துல பூங்கா இருக்கு."

"அங்க குப்பை நிக்குதே மேடம்" என்றார், அதே உண்மையான வருத்தத்தோடு.

வாயில் வந்த வார்த்தையைக் கேட்டு ஜெபராணியே திடுக்கிட்டாள். "ஆட்டத்தைத் திரும்பக் கொண்டு வாங்க சார்."

கோதண்டபாணி ஆற்றிக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார். "நீங்களா கேக்குறீங்க? அநியாயமான ஆட்டம்னு இங்க வந்து எத்தனை தடவை சண்டை போட்டீங்க?"

"அநியாயம்தான். இப்பவும் சொல்றேன், அநியாயம்தான். ஆனா தோத்தா அடுத்த ஞாயிறுன்னு ஒண்ணு இருந்துச்சு. என் கையில அழுத்துறதுக்கு ஒரு பட்டனாவது இருந்துச்சு. இந்த ஆலைகிட்ட நான் எதை சார் அழுத்துவேன்?"

அவர் முகம் மலர்ந்தது. அவள் எதற்காக வருந்துகிறாள் என்று கடைசியில் புரிந்துகொண்ட மனிதரைப்போல மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அழைப்பிதழை எடுத்து நீட்டினார்.

"அதை நாங்க மறப்போமா மேடம்? திறப்பு விழாவுல பட்டனை அழுத்தி ஆலையைத் தொடங்கி வைக்கப்போறதே நீங்கதான்."

அழைப்பிதழில் அவள் பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.