அடங்காத அலை

தன் அறைக்குள் மைனஸ் நாலு டிகிரி என்று கணினி காட்டியபோது மார்னி அதைப் பிழை என்றுதான் நினைத்தாள். ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது, காலணியில் ஒட்டிவந்த பனி உருகி, ஈரக் கம்பளி வாடை அறையெல்லாம் அடித்தது.

எட்மண்டனில் ஜனவரி, மாலை மூன்றரை மணி. கணினியில் ஓடிய கணக்கு உடன் வேலை பார்க்கும் கெர்வின் பென்னருடையது. இந்தக் கட்டடத்துக் காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, எங்கே எவ்வளவு சூடு என்று காட்டுவது. காலையில் அவன் போட்டுக் காட்டிய வெப்பப் படத்தில் ஒரு நெளிவும் இல்லை, எல்லோரும் கைதட்டினார்கள். இருக்கும் ஒரே நிரந்தர வேலையை நாளை கமிட்டி அவனுக்கே கொடுத்துவிடும். மார்னிக்கு வயிறு எரிந்தது. ஆறு வருடமாக அவள் படங்களில் மட்டும் மேலும் கீழுமாய் அலை.

கட்டத்தைவிட மெல்லிய இடத்தில் சூடு சட்டென்று மாறினால் விடை அப்படித்தான் தள்ளாடும். கட்டங்களை இன்னும் சின்னதாக நுணுக்கினால் அடங்கிவிடும். நுணுக்கச் சோம்பல்படுகிறவர்கள் 'மழுப்பல்' என்று ஓர் எண்ணைச் சேர்த்து அலையைக் கரைப்பார்கள். கெர்வினும் சேர்த்திருந்தான். அதை அவள் பூஜ்யமாக்கியதும்தான் இந்த மைனஸ் நாலு, அவள் நாற்காலிக்குப் பின்சுவரோரம்.

கெர்வின் கேக் தட்டோடு வாசலில் நின்றான்.

"மழுப்பலை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். நாளைக்குக் கமிட்டி பார்க்கட்டும் மகராசா, உன் வழுவழு படத்தை."

"வேலையை நீயே வச்சுக்கோ, மார்னி. அதைத் திரும்பப் போடு. நுணுக்கினா அது அடங்கல. கிட்ட வருது."

"நல்லாத்தான் கதை விடுற."

அவன் தட்டை வைத்துவிட்டு, கோட்டுகூட எடுக்காமல் வெளியே பனியில் போனான். வேலையைப் பிச்சை போடுகிறானா? அந்த எரிச்சலிலேயே அவள் கட்டங்களின் அளவைப் பாதியாக்கினாள்.

அலை அடங்கவில்லை. சுவரை விட்டு ஓரடி முன்னே வந்திருந்தது, ஆள் உயரத்துக்கு, நிமிர்ந்து, காகிதத்தைவிட மெல்லியதாக. மைனஸ் இருபது.

மறுபடி பாதி.

ஹீட்டர் முனகல் விட்டுவிட்டுக் கேட்டது. கம்பளி வாடை வந்தது. நின்றது. வந்தது. பிடரியில் சூடு. குளிர். சூடு.

போதும் என்று விரல் சொன்னது. கைதட்டல் நினைவுக்கு வந்தது.

மறுபடி பாதி.

திரையில் அலை நாற்காலிக்குள் இருந்தது.

அவள் புறங்கையைப் பார்த்தாள். குறுக்கும் நெடுக்குமாய், சம இடைவெளியில், வெள்ளை உறைபனிக் கோடுகள். நடுவே வெந்து சிவந்த தோல். கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். எதையும் தொடவில்லை.

ஒவ்வொரு இரண்டு கோடுகளுக்கும் நடுவே இன்னொரு கோடு விழுந்தது.