நனையாத இடம்

அந்த இடம் நனைந்திருந்தது.

அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து கல்லைத் தொட்டுப் பார்த்தாள். கையுறை ஈரமானது. வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அப்படிக் கூப்பிட உண்மையான உரிமை உள்ளவன் இந்த மேட்டுக்கு அடியில் கிடந்தான்.

நொறுக்கிய கல்லை மலைபோலக் குவித்து, மேலே கறுப்புக் குழாய்களைப் பரப்பி, அமிலம் கலந்த தண்ணீரை இராப்பகலாகச் சொட்ட விடுவார்கள். அது கல்லுக்குள் இறங்கி, யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு, கீழே வெட்டிய குளத்தில் வந்து சேரும். எட்டு மாதத்துக்கு முன் மேடு சரிந்தபோது வண்டியோட்டிக்கொண்டிருந்த தம்பி வண்டியோடு உள்ளே போனான். தோண்டினால் மறுபடி சரியும், எல்லாம் கரைந்து முடிந்து மேட்டைக் கலைக்கும்போது உடலை எடுத்துத் தருகிறோம் என்று நிர்வாகம் கைவிரித்துவிட்டது. அதுவரை அமிலத்தில் ஊறினால் எடுத்துத் தர என்ன மிஞ்சும்? அவளுக்கு அவன் முகத்தையாவது முழுசாகப் பார்க்க வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலைக்குச் சேர்ந்தாள். மேடெங்கும் சொட்டுத் துளைகளில் அடைப்பு எடுப்பது அவள் வேலை. தம்பிக்கு நேர் மேலே இருந்த பதினான்கு துளைகளில் மட்டும் பழைய செருப்பு ரப்பரை வெட்டி, யாருக்கும் தெரியாமல் அடைத்து வைத்தாள். ஒரு பாய் அகலத்துக்கு அந்த இடம் காய்ந்தே கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அவளுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கும்.

இன்று பதினான்கு ரப்பரும் வெளியே கிடந்தன.

மேற்பார்வையாளரிடம் போனாள். எதையும் விரல்களை விரித்து அளப்பதால் அவருக்குச் 'சாண்' என்று பெயர்.

"சார், மேல யாராச்சும் ஏறினாங்களா?"

"உன்னைத் தவிர யாரு ஏறுவா? அங்க கால் வைக்கவே ஒவ்வொருத்தனுக்கும் உதறுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காஞ்ச இடம் எனக்குத் தெரியும்மா. தெரியாத மாதிரி இருக்கேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

அவள் மறுபடி அடைத்தாள். மறுநாளும் ரப்பர்கள் வெளியே கிடந்தன. மூன்றாம் நாள் ஒவ்வொன்றையும் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகும் அங்கேயே உட்கார்ந்தாள்.

வெளிச்சம் மங்க மங்க, கீழே பம்பின் முனகலும், மேடு முழுக்க ஆயிரம் துளைகள் சொட்டும் சத்தமும், மூக்கைக் குத்தும் புளித்த வாடையும் ஒன்றாகக் கலந்து அவளைச் சுற்றி அடர்ந்தன. எந்தப் பாவி இதைச் செய்கிறான் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கம்பி அசைந்தது.

காற்று இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை.

குழாய்க்கு அடியில் கல் விலகியது. ஒரு விரல். இன்னொன்று. கம்பியை நிதானமாகத் திருகி அவிழ்த்தன. ரப்பர் உருண்டு விழுந்தது. துளை சொட்டத் தொடங்கியது.

கீழே ஒரு கை குவிந்து ஏந்தியது. காய்ந்த கை. தோல் எலும்போடு ஒட்டிப்போன கை. விரல்கள் ஒன்றோடொன்று சேர மறுத்தன. விழுந்த ஒவ்வொரு சொட்டும் இடுக்கு வழியே ஒழுகிப் போனது.

அவளுக்குப் புரிந்தது. பெற்ற பிள்ளைபோல வளர்த்தவனை இத்தனை மாதமாகத் தாகத்தில் போட்டு வைத்திருந்தாள்.

"என் ராசா," என்றாள். "அக்காவுக்குத் தெரியலடா."

கையுறையைக் கழற்றினாள். அந்தக் கைக்கு அடியில் தன் உள்ளங்கைகளை ஏந்தினாள். எரிந்தது. தண்ணீர் ஒழுகாமல் நின்றது.

கல் சரிந்து முகம் மேலே வந்தது. முழுசாக இருந்தது, அவள் ஆசைப்பட்டபடியே. உதடுகள் மட்டும் வற்றிப் பல்லுக்கு மேலே ஏறியிருந்தன.

அவள் கையில் வாய் வைத்துக் குடித்தான்.

தண்ணீர் தீர்ந்தது. வாய் நிற்கவில்லை.

அவள் கையை எடுக்கவில்லை.